ஆண்கடல் வற்றும் நாட்கள்

தாம்பரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் ரயில், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது, பயணிகள் இருபுறமும் காண்பவை, மீனவர் வழக்கில், இருவேறு கடல்கள்: வடக்கே பெண்கடல் எனப்படும் பாக் விரிகுடா, தெற்கே ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் பெண்கடல் கொந்தளிக்க ஆண்கடல் அடங்கியிருப்பதும், தென்மேற்குக் காற்றான கச்சான் எழும்போது நிலை மாறுவதுமாக, இராமேசுவரம் தீவின் ஏதேனும் ஒரு கரை ஒதுக்கமாகவே இருந்துவருகிறது.

இங்கு அலையைவிட ஓதமே வாழ்வை நடத்துகிறது. நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்மட்டம் ஏறி இறங்குவதே ஓதம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் பெருகி உயர் ஓதமாகின்றன, அரைநிலவு நாட்களில் ஒடுங்கித் தாழ் ஓதமாகின்றன. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டரைத் தாண்டும் இந்த வேறுபாடு பாம்பனில் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆயினும், ஆழமற்ற பவளத்திட்டுகளின்மேல் அந்தச் சிறு இறக்கமே போதுமானது.

அதை அளந்து வைத்திருப்பவர்கள், அப்பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாட்களும் பௌர்ணமியை ஒட்டி ஆறு நாட்களுமாக மாதத்தில் ஏறத்தாழ 12 நாட்கள் மட்டுமே அவர்கள் கடலுக்குள் இறங்குகிறார்கள். விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, அகர் என்னும் கூழ்ப்பொருள் தரும் மரிக்கொழுந்துப் பாசியையும், துணிச்சாயத் தொழிலுக்கு உதவும் ஆல்ஜினேட் தரும் கட்டக்கோரையையும் பாறையிலிருந்து பறிக்கிறார்கள். நாட்காட்டியைவிட நிலவை நம்பும் தொழில் இது என்பது மிகையன்று.

இராமேசுவரத்தை அடுத்துத் தூத்துக்குடிவரை நீளும் 21 சிறு தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால், பாசி விளையும் திட்டுகள் பல இவர்களுக்குத் தடைப்பட்ட இடங்களாயின. பவளத்தைக் காக்கும் நோக்கம் சரியானதே. ஆனால் அத்தீவுகளைப் பெரிதும் சிதைத்தது பாசி பறித்த கைகளன்று, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பெயர்த்தெடுத்த தொழில்தான். அலையைத் தடுத்த பாறையரண் அவ்வாறு அகன்றபின் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன.