பால் வற்றிப் போய்விட்டதா?

"எங்கட பரம்பரையில பால் இல்லை மிஸ். எனக்கும் இப்பிடித்தான் வத்திப்போச்சுது."

முல்லைத்தீவுப் பக்கக் கிராமமொன்றின் கிளினிக்கில் ஓர் அம்மம்மா சொன்னது இது. மகள் பக்கத்தில் தலை குனிந்து இருந்தாள். அவளது மடியில் பன்னிரண்டு நாள் பிள்ளை. பிறந்தபோது 2 கிலோ 900 கிராம். அன்று நிறுத்தபோது 2 கிலோ 700. பையினுள் பால்மாப் பெட்டியும் சூப்பிப் போத்தலும் இருந்தன.

மருத்துவ மாது பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இவளுக்கு எத்தினை வயது மட்டும் பால் குடுத்தனீங்கள் அம்மா?" என்றுதான் கேட்டார்.

"இவளுக்கோ? இவள் 2005இல பிறந்தவள். ரெண்டு வயது மட்டும் குடிச்சவள்."

சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார். பால் வற்றியது இவளுக்கல்ல, 2009 பங்குனியில் மாத்தளனில் பங்கருக்குள் பிறந்த தம்பிக்கு. பெண்ணின் உடம்பிலோ பரம்பரையிலோ ஒரு குறையும் இருக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை, சோறு இல்லை, பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருக்க இடமில்லை. இப்படி எத்தனையோ தாய்மார் அன்றைய அவலத்தைத் தங்கள் உடம்பின் குற்றமாக இன்றும் சுமக்கிறார்கள். இப்போது அது மகள்மாருக்கும் போய்ச் சேருகிறது.

சகோதரிகளே, பால் சுரப்பது ஒன்று, சுரந்த பால் இறங்கி வருவது இன்னொன்று. பிள்ளை உறிஞ்ச உறிஞ்ச மார்பு பாலைச் சுரக்கிறது. பயம், நோவு, கவலை வந்தால் பால் இறங்குவது சில நேரம் தடைப்படும், சுரப்பு நின்றுவிடுவதில்லை. ஆனால் "பால் இல்லை" என்று நினைத்துப் பிள்ளையை மார்பில் போடுவதைக் குறைத்தால், சுரப்பும் உண்மையாகவே குறையும். போத்தல் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்த வழியால்தான். பிள்ளையை உடுப்பில்லாமல் தாயின் வெறும் நெஞ்சில் அணைத்துப் படுக்க வைத்து, அடிக்கடி குடிக்கக் கொடுத்தால் பால் திரும்ப இறங்கும். சரக்குக் கறியும் பால்சுறாவும் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பாலைச் சுரக்க வைப்பது பிள்ளையின் வாய்தான். திரிபோஷா கிடைத்தால் அதைத் தாய் சாப்பிட வேண்டும். நமது வீடுகளில் அது எல்லோருக்கும் உருண்டையாகிப் போவது தெரிந்த கதை!

அன்று கிளினிக்கில் கண்ட குறை மிகச் சிறியது. பிள்ளை முலைக்காம்பை மட்டும் கவ்வி இழுத்தது. காம்பு வெடித்து, தாய் நோவில் பல்லைக் கடித்தாள். வாயை நன்றாகத் திறக்க விட்டு, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியும் வாய்க்குள் போகும்படி பிள்ளையை மார்போடு அணைத்துக் கொடுத்தார் மருத்துவ மாது. நாடி மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடிந்திருந்தால் பிடி சரி. விழுங்கும் சத்தமும் கேட்கும். அடுத்த கிழமை நிறுத்தபோது 180 கிராம் கூடியிருந்தது.

ஷெல் காயத்தால் ஒரு மார்பு பழுதடைந்தவர்களும் எங்களிடையே உண்டு. ஒரு பிள்ளைக்கு மற்ற மார்பின் பால் போதும். ஒரு கையை இழந்தவர்கள் தலையணையில் பிள்ளையைக் கிடத்தி, அல்லது ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். முதலில் சில நாட்கள் பக்கத்தில் ஒருவர் உதவிக்கு வேண்டும், அவ்வளவுதான்.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். பிள்ளை பசிக்கு மட்டுமா அழுகிறது? சலத்தைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் சலம் போகவேண்டும். மலம் கறுப்பு மாறி மஞ்சளாக வேண்டும். இரவும் பகலுமாக எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கவேண்டும். பிறந்தவுடன் நிறை கொஞ்சம் குறைவது வழமை. இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பாவிட்டால் காட்ட வேண்டும்.

பிள்ளை எழுப்பினாலும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், உடம்பு சுட்டால் அல்லது குளிர்ந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், வலிப்பு வந்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், உச்சிக்குழி உள்ளே இறங்கினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும் அப்படியே. வாகனம் இல்லையென்றால் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தாயின் மார்பு சிவந்து கட்டியாகிக் காய்ச்சல் வந்தால் அவரும் மருந்தெடுக்க வேண்டும். ஆனால் அந்த மார்பில் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

சில தாய்மாருக்குப் பிள்ளையின் அழுகை பழைய அழுகைகளை நினைவூட்டுகிறது. நித்திரை வராது, பிள்ளையைத் தூக்கவே மனம் வராது. இரண்டு கிழமைக்கு மேல் இப்படி இருந்தால் மருத்துவ மாதுவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புவார். 1926 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் பேசலாம். பிள்ளைக்கோ உங்களுக்கோ ஏதும் செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்.

வைத்தியரின் ஆலோசனைப்படி பால்மா கொடுக்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் ஒரு பெட்டியை மாதம் முழுவதும் இழுக்கத் தண்ணீர் கூட்டிக் கரைக்காதீர்கள். பிள்ளை மெலியும். கொதித்தாறிய நீரும் கழுவிச் சுடுநீரில் அவித்த கோப்பையும் கரண்டியும் போதும், போத்தல் தேவையில்லை.

பிறந்து முதல் பத்து நாட்களுக்குள் மருத்துவ மாது வீட்டுக்கு வரவேண்டும். வராவிட்டால், அல்லது புது இடத்தில் பதிவில்லாமல் இருந்தால், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டுடன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். துடக்கு முப்பத்தொரு நாள் முடியட்டும் என்று அம்மம்மாமாரும் மறிக்க வேண்டாம்.