முதுகில் விளக்கு வைத்த கரப்பான்!

கரப்பான் பூச்சியைப் பார்த்தா நாம என்ன பண்ணுவோம்? துடைப்பத்தைத் தேடுவோம். நானோ கட்டில் மேலேயே ஏறிடுவேன். ஆனா முதுகுல விளக்கு வச்ச மாதிரி ஒரு கரப்பான் இருக்குன்னு அறிவியல் டீச்சர் சொன்னதும் எனக்கு ஒரே ஆச்சரியம்!

அதன் பெயர் லூசிஹார்மெட்டிகா லுக்கே. ஊர், தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார். 1939-ல் ஒரே ஒரு பூச்சி கிடைத்தது. அதைப் பதப்படுத்தி வைத்தார்கள். 73 வருஷம் கழித்து, 2012-ல்தான் ஸ்லோவாக்கியா நாட்டு விஞ்ஞானி பீட்டர் வர்சான்ஸ்கியும் அவர் குழுவினரும் இது புது இனம் என்று பெயர் வைத்தார்கள்.

தலைக்கு மேலே உள்ள ஓட்டில் இரண்டு பெரிய வட்டப் புள்ளிகள், பக்கத்தில் ஒரு குட்டிப் புள்ளி. அந்தக் காடுகளில் ஒளிவிடும் ஒரு வண்டு இருக்கிறது. அது விஷமுள்ளது, அதனால் பறவையும் பல்லியும் அதைத் தொடாது, அந்த வண்டு மாதிரி வேஷம் போட்டு இந்தக் கரப்பான் தப்பிக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

ஆனா இங்கேதான் சண்டை! மின்மினிப் பூச்சி தன் உடம்பில் உள்ள லூசிஃபெரின் என்ற பொருளை ஆக்சிஜனோடு சேர்த்துத் தானே வெளிச்சம் உண்டாக்கும். ரூபாய் நோட்டு அப்படி இல்லை. புற ஊதா விளக்கில் காட்டினால்தான் அதன் எண்கள் ஒளிரும். விளக்கை அணைச்சா அதுவும் போச்சு. இந்தக் கரப்பான் மின்மினியா, ரூபாய் நோட்டா? 2013-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் மெரிட், "தானே ஒளிவிடுது என்பதற்கு இந்த ஆதாரம் போதாது" என்று மறுத்து எழுதினார். இதன் சொந்தக்கார இனங்களை உயிரோடு வளர்த்துப் பார்த்தவர்களும், இருட்டில் அவை ஒளிவிடவில்லை என்றார்கள்.

அப்போ உயிரோடு ஒண்ணைப் பிடிச்சு இருட்டுல வச்சுப் பார்த்தா தெரிஞ்சிடுமே? அதுதான் முடியலை! அது வாழ்ந்த பகுதியில் துங்குராகுவா எரிமலை 2010 டிசம்பரில் வெடித்தது. இனமே அழிந்திருக்கலாம் என்று பயப்படுகிறார்கள். செத்த பூச்சி ஒண்ணுதான் மிச்சம். அது வாய் திறந்து பதில் சொல்லாது.

ஒரு உயிரினம் அழிஞ்சா அதுகூட நம்ம கேள்விக்கான பதிலும் அழிஞ்சு போகுது. அதனால் துடைப்பத்தை எடுக்கும் முன்னே ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்க! (நானும் கட்டிலில் இருந்து இறங்கிப் பார்க்கிறேன்!)

— 9-ஆம் வகுப்பு மாணவி