காப்பீட்டுக் கடிதத்துக்குப் பயந்து

டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது எடின்பர்க். அங்குள்ள ரியோ கிராண்டே வேலி பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஹிஸ்பானிக் குடும்பத்துப் பிள்ளைகள். உடலுறவு பற்றி வாயே திறக்காத வீடுகள் நிறைய. பள்ளியும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. திருமணமாகாத மாணவருக்கு உடலுறவைத் தவிர்ப்பதே சிறந்தது என்று முன்னிறுத்தச் சொல்கிறது மாநிலச் சட்டம். பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் பாலியல் கல்வி வகுப்பிலேயே உட்கார முடியும் என்றது 2021-இல் வந்த ஒரு சட்டம். அப்புறம் 'இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று குறைபட்டுக்கொள்வது என்ன நியாயம்?

தெரிந்துகொள்ள வேண்டிய தேவையோ பெரிது. அமெரிக்க மக்கள்தொகையில் ஹிஸ்பானிக் மக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 2022-இல் அந்நாட்டில் ஏற்பட்ட புதிய எச்.ஐ.வி. தொற்றுகளிலோ அவர்களுடையது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

எச்.ஐ.வி. மட்டுமல்ல, உடலுறவால் பரவும் கிளமிடியாவும் இருக்கிறது. அது சத்தமில்லாமல் வரும். பெரும்பாலும் வலியோ எரிச்சலோ இருக்காது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாயைப் பாதித்துக் குழந்தைப்பேற்றுக்கே தடையாகலாம். கண்டுபிடிக்கச் சிறுநீர்ச் சோதனை போதும். குணப்படுத்த வழக்கமாக ஏழு நாள் மாத்திரை. உடலுறவில் ஈடுபடும் 25 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆண்டுக்கொருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறது அரசின் நோய்த்தடுப்பு மையம்.

இதெல்லாம் தெரிந்தவர்களையும் தயங்க வைப்பது தபால்பெட்டி. 26 வயதுவரை பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் பிள்ளை இருக்கலாம். நல்ல சலுகைதான். ஆனால் சோதனைக்கு அந்தக் காப்பீட்டைக் காட்டினால், எந்தத் தேதியில் என்ன சேவை, எவ்வளவு கட்டணம் என்ற விவரக் கடிதம் பாலிசிதாரரான அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போய்ச் சேரலாம். 'இது பில் அல்ல' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பிரித்துப் படிக்கும் அப்பாவுக்கு அது ஆறுதலா என்ன!

இதற்கு வழி உண்டு. கடிதம் வீட்டுக்குப் போனால் தனக்கு ஆபத்து என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம். நியாயமான கோரிக்கையை நிறுவனம் ஏற்க வேண்டும் என்பது ஹிப்பா என்ற தனியுரிமைச் சட்டத்தின் விதி. கலிஃபோர்னியாவில் பாலியல் நலம் போன்ற சிகிச்சைகளுக்கு, ஆபத்து என்று காரணம் காட்டவும் தேவையில்லை. காப்பீட்டையே தொட வேண்டாம் என்றால், 'டைட்டில் டென்' என்ற மத்திய அரசு நிதியில் நடக்கும் குடும்ப நல கிளினிக்குகள் இருக்கின்றன. 1970-இல் வந்த திட்டம் அது. வருமானத்துக்கு ஏற்பத்தான் கட்டணம், மிக ஏழைகளுக்கு இலவசம்.

எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் மட்டும் கடிதத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை. உடலுறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கியாக வேண்டும். வெள்ளி இரவு நடந்தது என்றால், திங்கட்கிழமை கல்லூரி மருத்துவமனை திறக்கட்டும் என்று காத்திராமல் சனிக்கிழமையே அவசரப் பிரிவுக்குப் போய்விடுவது நல்லது.