ஒரே பாட்டு, இரண்டு வேகம்

பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டு 1967இல் வெளிவந்தது. அப்போது பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் ஒற்றை ஸ்பீக்கர்தான். அதனால் மோனோ ஒலிக்கலவையைத்தான் குழுவினர் கூடவே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஸ்டீரியோ கலவை அவர்கள் இல்லாமலேயே விறுவிறுவென முடிந்துவிட்டது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணைப் பற்றிய 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் சற்று வேகம். சுருதியும் கொஞ்சம் மேலே. ஸ்டீரியோவில் அதே பாட்டு சோகம் கனத்து, தளர்ந்து நகரும். 'லூசி' பாட்டு நேர்மாறு: மோனோவில்தான் மெதுவாக, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் அலையும். தலைப்புப் பாடல் மறுபடி வந்து முடியும் இடத்தில் பால் மெக்கார்ட்னி போடும் கூச்சலும் மோனோவில்தான் நன்றாகக் காதில் விழும்.

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ், 2017இல் மூல ஒலிநாடாக்களை எடுத்து, மோனோவையே வழிகாட்டியாக வைத்துப் புதிய ஸ்டீரியோ கலவை செய்தார். அந்தப் பெண்ணின் பாட்டு அதில் மோனோவின் வேகத்துக்கே திரும்பியது. என் காதுக்கு அந்த வேகம்தான் சரி. விடியற்காலையில் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவளுக்கு நின்று நடக்க நேரமேது?