மன்னார்ப் பயணம்: நேரான ரோட்டில் இருக்கும் ஆபத்து

மடு மாதா திருவிழாவுக்கும், சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்துக்கும் நமது தோட்டங்களில் இருந்து வருஷா வருஷம் போய்வரும் குடும்பங்கள் ஏராளம். இரண்டு மூன்று லயத்துச் சனம் சேர்ந்து ஒரு பஸ்ஸைப் பேசி, அரிசி, சட்டி பானை, பாய் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, பொழுதுசாயப் புறப்படுவார்கள். மலைப்பாதை முடிந்து மாத்தளை தாண்டியதும், "அப்பாடா, இனிமே பயமில்லை" என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறோம். ஆனால் முழித்திருக்க வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு சாரதி கோன் அடிப்பார், கியர் மாற்றுவார். பயம் அவரை முழிக்க வைக்கும். மதவாச்சியில் திரும்பி, செட்டிகுளம் வழியாக மன்னாருக்குப் போகும் ரோடு அப்படியில்லை. மட்டமான, நேரான ரோடு. இரண்டு பக்கமும் காடும் வயலும்தான். மாலையில் இருந்து ஓட்டிக் களைத்த சாரதி அந்த இடத்துக்கு வரும்போது விடியற்காலை இரண்டு, மூன்று மணி ஆகியிருக்கும். மனித உடம்பு தூக்கத்துக்கு மிகவும் ஏங்கும் நேரம் அது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பஸ் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். சாரதி மூன்று செக்கன் கண் அசந்தால் 50 மீற்றர் தூரத்துக்கு அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

இதற்குச் சாரதியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது எமது எண்ணம். இரண்டாவது சாரதிக்குக் காசு கொடுக்க நாம் யோசிக்கிறோம். ஆனால் பஸ் கூரையில் மூட்டை ஏற்ற யோசிப்பதில்லை. பாரம் கூடி, காற்றும் குறைவாக உள்ள டயர் சூடான ரோட்டில் வெடிக்கும். கூரையில் பாரம் இருந்தால் வண்டி சட்டென்று சரியும்.

மன்னாரில் இன்னொன்றும் உண்டு. அந்தத் தீவில் கழுதைகள் கட்டுப்பாடில்லாமல் திரியும். மாடுகளோடு சேர்ந்து இரவில் ரோட்டிலேயே நிற்கும், படுத்தும் கிடக்கும். லைட் வெளிச்சத்தில் பட்டதும் சாரதி திடீரென்று வெட்டித் திருப்பினால், கழுதை தப்பிக்கும், பஸ் தப்பிக்காது.

அடுத்தது கோச்சிப் பாதை. தலைமன்னார் ரயில் 1990இல் யுத்தத்தால் நின்றது. மடு வீதி வரை 2013இலும், தலைமன்னார் வரை 2015 மார்ச்சிலும்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. இருபத்தைந்து வருஷம் ரயிலே வராத பாதையைக் கடந்து பழகிய கால்களுக்கு, நின்று பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும்தானே? இப்போதும் நாளுக்குச் சில ரயில்களே ஓடுகின்றன. "இந்த நேரத்துக்குக் கோச்சி ஏது" என்ற எண்ணம் அதனால்தான் வருகிறது. 2021 மார்ச் மாதம் தலைமன்னாரில் ஒரு கடவையில் தனியார் பஸ்ஸும் ரயிலும் மோதின. ஒரு பாடசாலைப் பிள்ளை உயிரிழந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள்.

ஓடும் ரயில், பிரேக் போட்ட பிறகும் பல நூறு மீற்றர் போய்த்தான் நிற்கும். சாரதி விசில் அடிக்கலாம், விலக முடியாது. பஸ்ஸுக்குள்ளே பாட்டுச் சத்தம், வெளியே பனையும் பற்றையும் பார்வையை மறைக்கின்றன என்றால் அந்த விசிலும் காதில் விழாது. ஆகவே கடவை வந்தால் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். கேற் இல்லாத இடமென்றால், நம்மில் ஒரு ஆள் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துக் கை காட்டட்டும். "அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று சொல்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பஸ் பக்கவாட்டில் அடிபட்டால், அந்தப் பக்க ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தலை, விலா, இடுப்பு எலும்புகளில் அடி விழும். முன்பக்கம் மோதினால், தூங்குகிறவர்கள் முன் சீற்றில் முகம் இடித்துப் பல்லும் முழங்காலும் உடையும். மிதிபலகையில் நிற்பவர் வெளியே தூக்கி வீசப்படுவார். ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையை எதிரே வரும் லொறி கொண்டுபோய்விடும். மோசமானது வெளியே தெரியாத காயம். வயிற்றில் அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே இரத்தம் கசிந்து, முகம் வெளுத்து, உடம்பு குளிர்ந்து வியர்க்கும். அவரைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

நம்ம ஆட்கள் உதவும் மனசில் செய்கிற சில காரியங்களே ஆபத்தாகிவிடும். விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால் அதனாலேயே கை கால் விளங்காமல் போகலாம். வண்டி தீப்பற்றினாலோ, தண்டவாளத்தில் கிடந்தாலோ மட்டும், தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கும்படி நாலைந்து பேர் சேர்ந்து நகர்த்துங்கள். காயத்தில் கோப்பித் தூளும் மஞ்சளும் அப்ப வேண்டாம். சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். பலமாக அடிபட்டவருக்கு, மயங்கியிருந்தாலும் சரி, பேசினாலும் சரி, தேத்தண்ணி, சோடா எதுவும் கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைக்கலாம். ஒப்பரேஷன் செய்ய வேண்டி வந்தாலும் அது இடைஞ்சல்.

இலவச அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். ஊர் தெரியாத ரோட்டில் "எங்கே நிற்கிறீங்க?" என்று கேட்டால் திணறுவோம். கடைசியாகக் கடந்த சந்தியின் பெயரையும், ரோட்டோரக் கிலோமீற்றர் கல்லில் உள்ள எண்ணையும் சொல்லுங்கள். காயப்பட்டவர்கள் எத்தனை பேர், யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்பதையும் சொல்லிவிட்டு, அவர்கள் வைக்கும் வரை போனை வைக்காதீர்கள்.