எஞ்சினும் வெப்பப் பம்பியும்

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே பாயும். கிணற்றிலிருந்து அதனை மேலேற்றத் துலாவேனும் பொறியேனும் வேண்டும். வெப்பத்தின் இயல்பும் இத்தகையதே. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அது தானே செல்லும்; எதிர்த்திசையிற் செலுத்துதற்கு வேலை செய்யப்படல் வேண்டும். அவ்வேலையைச் செய்யும் பொறியே வெப்பப் பம்பி எனப்படும்.

அதனுள் எளிதில் ஆவியாகும் திரவமொன்று வெளிக்காற்றின் வெப்பத்தை ஏற்று ஆவியாகின்றது. அமுக்கி அவ்வாவியை நெருக்க, அதன் வெப்பநிலை உயர்கின்றது. பின்னர் அது கட்டிடத்தினுள்ளே வெப்பத்தை விடுத்துத் திரவமாக ஒடுங்குகின்றது. இச்சுற்றைத் திருப்பியமைப்பின் அதே பொறி கோடையிற் கட்டிடத்தைக் குளிர்விக்கும்.

இவ்வாறு பொறியொன்றாற் கட்டிடங்களைச் சூடாக்கலாமென்பதை, பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன் 1852 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். இன்றைய வெப்பப் பம்பிகளுட் பெரும்பாலானவை மின்னால் இயங்குகின்றன. எனினும், எரிபொருள் உருளையினுள்ளேயே எரியும் உட்டகன எஞ்சினொன்றும் அமுக்கியை நேரே சுழற்றலாம். அதனால் விளையும் பயன் யாது?

எரிவாயுவின் சத்தியை 100 பங்கெனக் கொள்வோம். அடுப்பில் எரிப்பின் 100 பங்கினும் மிகுந்த வெப்பம் பெறல் இயலாது. எஞ்சினில் எரிப்பின் ஏறத்தாழ 30 பங்கு வேலையாகும். ஒரு பங்கு வேலைக்கு மூன்று பங்கு வெப்பந் தரும் பம்பி 90 பங்கை அளிக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிலும் வெளியேறும் புகையிலும் உள்ள வெப்பத்தில் 50 பங்கை மீட்பின், மொத்தம் 140 ஆகும். வெளிக்காற்றிலிருந்து 60 பங்கு பெறப்பட்டமையால், 20 பங்கு வீணாகியும் இம்மிகுதி கிடைத்தது.

அதே எரிவாயுவை மின்னிலையத்தில் எரித்து, 35 பங்கு மின்னாகக் கட்டிடத்தை அடையுமாயின், அதே தரமான பம்பி 105 பங்கு வெப்பமே தரும். 50 பங்கு அடையுமாயின் 150 தரும். எனவே எஞ்சினின் மேன்மை மின்னிலையத்தின் தரத்தைப் பொறுத்தது.

யப்பானில் 1987 ஆம் ஆண்டிலிருந்து எரிவாயு எஞ்சின் வெப்பப் பம்பிகள் விற்பனையாகி, அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பரவின. அங்கே கோடையில் குளிரூட்டலால் மின்தேவை உச்சமடையும். சூடாக்கலுக்குரிய எரிவாயுவின் தேவையோ அக்காலத்திற் குறையும். எஞ்சின் அச்சுமையை மின்வலையினின்றும் எரிவாயுக் குழாய்க்கு மாற்றியது.

குறைகளும் உள. எஞ்சின் ஒலி எழுப்பும்; எண்ணெய் மாற்றமும் பராமரிப்பும் வேண்டும்; கரியமில வாயுவை வெளிவிடும். மின்சாரம் நீராலும் காற்றாலும் வெயிலாலும் பிறக்குமிடத்து மின்பம்பியே மேம்படும். ஆதலின் பொறியொன்றின் சிக்கனத்தை மதிப்பிடுவோர், அதற்குச் சத்தி வந்துசேரும் வழி முழுவதையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.