பாட்டுக்குப் பிறந்த படம்

ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாதர் கோயில் பக்கம் ஒரு வளையல் கடை. கண்ணாடி வளையல்களைச் சரத்தில் கோத்தபடியே அந்த அம்மாள் முணுமுணுத்த பாட்டு என்னை நிறுத்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நிற்கும் வளையல்காரர் சென்னய்யாவின் பாட்டு. "யார் எழுதினதும்மா?" என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் கல்லூரி மகள் முந்திக்கொண்டாள்: "சினிமாப் பாட்டு சார். 'மைசூர் மல்லிகே' படம்."

படம் வந்தது 1992-ல். பாட்டோ 1942-ல் அச்சேறிய 'மைசூர் மல்லிகே' தொகுப்பின் கவிதை. எழுதியவர் கே.எஸ். நரசிம்மஸ்வாமி. ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கும் இதே மண்டியா மாவட்டத்துக் கிக்கேரியில் 1915-ல் பிறந்தவர். சொந்த மாவட்டத்திலேயே ஒரு கவிஞர் தன் பாட்டிலிருந்து நழுவிப் போகிறார் என்பது எனக்கு வலித்தது.

ஊரறிந்த பாட்டுகளை வைத்துப் படம் கட்டுவது உலகெங்கும் நடப்பதுதான். அபா குழுவின் பாட்டுகளைக் கோத்து 2008-ல் 'மம்மா மியா' வந்தது. 1952-ன் 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்திலும் பெரும்பாலானவை பழைய பாட்டுகளே. நம் 'கப்பலோட்டிய தமிழன்' (1961) பாரதியின் வரிகளை எடுத்துக்கொண்டு, ஜி. ராமநாதனின் மெட்டில் ஏற்றியது.

'மைசூர் மல்லிகே'யின் நிலை இன்னும் கடினமானது. அங்கே வரியும் பழையது, அதைப் பாடும் பழக்கமும் பழையது. காளிங்கராவ் குரலில், மைசூர் அனந்தஸ்வாமி மெட்டில், பிறகு சி. அஸ்வத்தின் கேசட்டுகளில் அந்தக் கவிதைகள் கன்னட வீடுகளுக்குள் போய்விட்டிருந்தன. கேட்டவர் ஒவ்வொருவரின் மனத்திலும் ஒரு மனைவி, ஒரு மாமனார் வீடு, ஒரு சென்னய்யா. அத்தனை பேரையும் ஒரே திரையில் திருப்திப்படுத்த வேண்டும்.

இயக்குநர் டி.எஸ். நாகாபரணாவுக்குப் பழக்கம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஷிசுநாள ஷரீபின் தத்துவப் பாடல்களை வைத்துப் படமெடுத்தவர் அவர். இந்தமுறை தனித்தனிக் கவிதைகளுக்குள் மறைந்திருந்த குடும்பத்தையே கதையாக்கினார். சுதந்திரப் போராட்டத்தைப் பின்னணியாக்கி, கவிஞனையே நாயகனாக்கினார். இசை அஸ்வத். கதைதான் பாட்டுக்கு வழிவிட்டது. பாட்டைக் கதைக்காக வெட்டவில்லை. படம் சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. சிறந்த பாடலாசிரியர் விருது நரசிம்மஸ்வாமிக்கே போனது, கவிதைகள் அச்சாகி அரை நூற்றாண்டு கழித்து!

இன்று தமிழ்ப் படங்களில் பழைய பாட்டு வராத வாரமில்லை. நாயகன் நுழைய ஒன்று, சண்டைக்கு ஒன்று. அரை நிமிடம் ஒலிக்கிறது, அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, முடிந்தது. இதனால் இளையவர்கள் பழைய பாட்டைத் தேடிக் கேட்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. தேடட்டும், நல்லதுதான். ஆனால் தேடுகிறவர் கைக்கு வருவது எது? நடிகர் பெயர், படத்தின் பெயர், மிஞ்சினால் இசையமைப்பாளர் பெயர். எழுதியவர் பெயர் எங்கோ அடியில், பல இடங்களில் இல்லவே இல்லை. 2012-ன் பதிப்புரிமைத் திருத்தம் பாடலாசிரியருக்கு ராயல்டியில் பங்கு உண்டு என்றது. பெயரே தொலைந்த பிறகு பங்கை யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுப்பது?

நான் கிளம்பும்போது அந்த அம்மாள் மகளிடம் சொன்னார்: "நரசிம்மஸ்வாமி எழுதினது. எங்க அம்மா சொல்லிக்கொடுத்தது. அப்போ படமே வரலை."

சொல்ல ஓர் அம்மா இல்லாத வீடுகளே அதிகம். அதனால் படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பாட்டை எடுத்தாளுங்கள், தாராளமாக. அந்தப் பாட்டு ஓடும் அரை நிமிடத்திலேயே, எழுதியவர் பெயரைத் திரையில், படிக்க முடிகிற எழுத்தில் போடுங்கள்.